சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு யாருடையது?

(கோவளத்தில் நடைபெற்ற கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்விச் சங்கத்தின் விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. எனினும், இச்சங்கத்தின் இளைஞர்கள் என்னிடம் கேட்டுக்கொண்ட பொருள் வேறு. "நாம் வாக்களித்து அனுப்பும் சட்டமன்ற உறுப்பினர், அவையில் தம் மனம்போல வாக்களிக்கிறாரா? அல்லது கட்சி சொன்னபடிதான் வாக்களிக்கிறாரா? எத்தனை முறை கட்சியோடு நிற்கிறார்? எத்தனை முறை மாறி நிற்கிறார்?" என்பதே அவர்கள் எழுப்பிய வினா. இதுவும் கல்விதான். எழுத்தறிவு பெற்ற சமுதாயம் அடுத்துப் பெறவேண்டிய அறிவு, தன்னை ஆளும் முறையைப் பற்றிய அறிவே ஆகும்.

அவையில் வாக்கெடுப்பது எவ்வாறு?

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வோம். நம் சட்டமன்றப் பேரவையில் பெரும்பாலான தீர்மானங்களும் மசோதாக்களும் குரல் வாக்கெடுப்பால் முடிவாகின்றன. ஏற்போர் "ஆம்" என்பர். மறுப்போர் "இல்லை" என்பர். எந்தக் குரல் ஓங்கியது என்பதைப் பேரவைத் தலைவர் அறிவிப்பார். அத்துடன் அது முடிந்தது. யார் "ஆம்" என்றார், யார் "இல்லை" என்றார், யார் வாய் திறவாதிருந்தார் என்பது ஏட்டில் ஏறுவதில்லை. உறுப்பினர்கள் வற்புறுத்தும்போது மட்டுமே தலைகள் எண்ணப்படுகின்றன. பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணும் முறை அப்போது கையாளப்படுகிறது.

அமெரிக்க நாட்டின் மாநிலச் சட்டமன்றங்களில் நிலைமை வேறு. அங்கே உறுப்பினரின் பெயரைக் குறித்து வாக்கைப் பதிவு செய்வது பெருவழக்கு. ஆதலால், இன்ன உறுப்பினர் தம் கட்சியின் பெரும்பான்மையோடு நூற்றுக்கு எத்தனை முறை வாக்களித்தார் என்று அங்குள்ளோர் கணக்கிட்டுச் சொல்ல முடிகிறது. நெப்ராஸ்கா என்னும் மாநிலத்தில் ஒரே அவைதான் உண்டு. அதன் 49 உறுப்பினர்களும் கட்சிப் பெயரின்றியே வாக்குச்சீட்டில் இடம்பெறுகின்றனர். பிரிட்டனில் கட்சிக் கட்டுப்பாடு உண்டு, கொறடாவும் உண்டு. கட்சியின் கட்டளைத் தாளில் ஒரு கோடு, இரு கோடு, முக்கோடு என்று அடிக்கோடிட்டு, வாக்கெடுப்பு எவ்வளவு முக்கியமானது என்பதை உணர்த்துவர். முக்கோட்டுக் கட்டளையை மீறியவரைக் கட்சி விலக்கி வைக்கலாம். அடுத்த தேர்தலில் இடம் தர மறுக்கலாம். ஆனால், அவர் உறுப்பினர் பதவி பறிபோவதில்லை. மக்கள் தந்த நாற்காலியை மக்கள்தாம் திரும்பக் கேட்க முடியும்.

நம் நாட்டில் அவ்வாறில்லை. கொறடா என்னும் சொல்லுக்குச் சவுக்கு என்பதே பொருள். பிரிட்டனில் அது கையில் பிடித்துக் காட்டும் சவுக்கு. இங்கே அது உறுப்பினரின் பதவியையே வீழ்த்தும் சவுக்கு. ஆகவே, நம் சட்டமன்றத்தில் கணக்கெடுத்தால் கட்சியோடு நிற்பது நூற்றுக்கு நூறை ஒட்டியே இருக்கும். அந்த எண்ணிலிருந்து உறுப்பினரின் உள்ளத்தை அறிய இயலாது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த வரலாறு

இச்சட்டம் ஏன் வந்தது? 1967ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்குப்பின் வடபுலத்து மாநிலங்கள் பலவற்றில் உறுப்பினர்கள் கட்சி விட்டுக் கட்சி தாவினர். அரியானாவில் கயாலால் என்ற உறுப்பினர் மிகக் குறுகிய காலத்தில் பலமுறை கட்சி மாறியதால், "ஆயாராம் கயாராம்" என்ற வழக்கே பிறந்தது. அமைச்சர் பதவியும் பணமும் காட்டி உறுப்பினர்களை இழுக்கும் சந்தை பெருகிற்று. இதனை ஆராய ஒய். பி. சவாண் தலைமையில் குழு அமைந்தது. பின்னர் 1985ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 52ஆம் திருத்தம் நிறைவேறி, பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டது.

அதன்படி உறுப்பினர் ஒருவர் இரு வழிகளில் பதவியை இழப்பார். தாமாகவே தம் கட்சியின் உறுப்பினர் நிலையைக் கைவிட்டால் இழப்பார். கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தாலோ, முன் இசைவின்றி வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றாலோ, அதனைக் கட்சி 15 நாட்களுக்குள் பொறுத்துக்கொள்ளாவிடில் அப்போதும் இழப்பார். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவி நிலைக்கும் என்றிருந்த விதியை 2003ஆம் ஆண்டின் 91ஆம் திருத்தம் நீக்கிவிட்டது. மூன்றில் இரு பங்கினர் வேறு கட்சியோடு இணைவதற்கே இப்போது விலக்கு உண்டு. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பேரவைத் தலைவருக்கு.

1992ஆம் ஆண்டில் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றது. பேரவைத் தலைவரின் முடிவை நீதிமன்றம் ஆராயலாம் என்றும் கூறியது. அதனோடு இன்னுமொரு கருத்தையும் கூறியது: பதவியைப் பறிக்கும் வலிமை கொண்ட கொறடாக் கட்டளை, அரசின்மீதான நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், கட்சியின் அடிப்படைக் கொள்கையைத் தொடும் வாக்கெடுப்புக்கும் உரியதாக இருத்தல் நலம் என்பதே அக்கருத்து. 1990ஆம் ஆண்டில் தினேஷ் கோஸ்வாமி குழுவும் ஏறத்தாழ இவ்வாறே பரிந்துரைத்தது. ஆயினும் சட்டத்தின் சொற்கள் மாறவில்லை. சாலைக்கு நிதி ஒதுக்கும் தீர்மானத்துக்கும், அரசையே கவிழ்க்கும் தீர்மானத்துக்கும் ஒரே கயிறுதான்.

நம் தொகுதியில் நிகழ்ந்தது

இவை எங்கோ தில்லியில் நிகழ்ந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் தங்கவைக்கப்பட்ட கூவத்தூர், நம் கோவளத்தைத் தொட்டுச் செல்லும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் உள்ளது. 18-2-2017 அன்று பேரவையில் எடப்பாடி பழனிசாமி அரசின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடைபெற்றது. எதிர்க்கட்சியாகிய தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டனர், காங்கிரசார் வெளிநடப்புச் செய்தனர். ஆதரவாக 122 வாக்குகள், எதிராக ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 வாக்குகள். வாக்களித்த 133 பேரும் ஒரே சின்னத்தில் வென்றவர்கள். ஆக, கட்சியின் பெரும்பான்மையோடு நின்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பேர். தமிழகச் சட்டமன்றத்தில் இத்தகைய கணக்கைத் தெளிவாகப் போட இடமளித்த அரிய நாட்களுள் அதுவும் ஒன்று.

அதன்பின் நிகழ்ந்ததைக் கருத்தூன்றிக் கேளுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அக்கட்சியின் உறுப்பினர் சிலர் ஆளுநரைக் கண்டு, முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தனர். அவர்கள் அவையில் எதிர்த்து வாக்களிக்கவில்லை. ஆயினும், தாமாகவே கட்சியைக் கைவிட்டவர்கள் என்று கொண்டு, 18 பேரின் பதவியைப் பேரவைத் தலைவர் ப. தனபால் 18-9-2017 அன்று பறித்தார். வழக்கில் 14-6-2018 அன்று உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புகள் வழங்கினர். மூன்றாம் நீதிபதி 25-10-2018 அன்று பேரவைத் தலைவரின் முடிவு சரியே என்றார். அவையில் எழுந்து நின்று எதிர்த்து வாக்களித்த 11 பேரோ பதவி இழக்கவில்லை; அவர்களைப் பற்றிய வழக்கு 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றபோதும் உறுப்பினராகவே இருந்தனர்.

எவர் செய்தது சரி, எவர் செய்தது தவறு என்று தீர்ப்புரைக்க நான் இங்கு வரவில்லை. எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. பதவி இழந்த 18 பேருள் நம் திருப்போரூர்த் தொகுதியின் உறுப்பினரும் ஒருவர். 2017 செப்டம்பர் முதல் 2019 ஏப்ரலில் இடைத்தேர்தல் நடந்து, மே திங்களில் முடிவு வரும்வரை, ஏறத்தாழ இருபது திங்கள் இத்தொகுதி மக்களுக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. இரு நிதிநிலை அறிக்கைகள் வந்து போயின. கோவளத்துக் குறையை எழுந்து சொல்ல அவையில் ஒருவர் இல்லை.

மேலும் ஒன்று. அரூர், மானாமதுரை, பெரியகுளம், குடியாத்தம், பரமக்குடி, பூந்தமல்லி, நிலக்கோட்டை, ஓட்டப்பிடாரம் ஆகிய எட்டும் அந்தப் பதினெட்டினுள் அடங்கியவை. இவை எட்டும் நம் மக்களுக்கென ஒதுக்கப்பட்ட தனித் தொகுதிகள். தமிழகத்தின் 234 தொகுதிகளில் பட்டியல் வகுப்பினருக்கு உரியவை 44. ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. ஆனால் குரலிழந்த தொகுதிகளில் ஏறத்தாழப் பாதி நம்முடையவை. தலைமைகளுக்கிடையே மூண்ட சண்டையில் நம் மக்களின் இடங்கள் காலியாயின. அந்தச் சண்டை பஞ்சமி நிலத்துக்காகவோ, விடுதி மாணவரின் உணவுப்படிக்காகவோ நடந்ததன்று.

பூனா ஒப்பந்தமும் 1938ஆம் ஆண்டும்

நிற்க. இச்சிக்கல் 1985இல் பிறந்ததன்று. இதன் வேர் 1932இல் உள்ளது. வகுப்புவாரித் தீர்ப்பின்படி தாழ்த்தப்பட்ட மக்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறை கிடைத்தது. காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். 24-9-1932 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாணச் சட்டமன்றங்களில் நமக்குரிய இடங்கள் 71 என்றிருந்தது 148 ஆக உயர்ந்தது. ஆனால் இறுதித் தேர்தலில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதி முறை வந்தது. இடங்கள் பெருகின, அவ்விடங்களில் அமர்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம் கையை விட்டு அகன்றது.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டப் பேரவையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களைப் பெற்றது. நமக்கென ஒதுக்கப்பட்டவை 30. அவற்றுள் 26 காங்கிரஸ் வேட்பாளர்களுக்குச் சென்றன. இராஜாஜி முதன்மை அமைச்சரானார். அந்த அவையில் நம் பெருந்தலைவர் எம். சி. ராஜாவும் இருந்தார். பரங்கிமலையில் பிறந்தவர், இந்த வட்டாரத்துக்கு உரியவர். 1922ஆம் ஆண்டில் "பஞ்சமர்", "பறையர்" என்று அரசு ஏடுகளில் எழுதுவதை நிறுத்தி "ஆதிதிராவிடர்" என எழுதவேண்டும் என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் கொணர்ந்து வென்றவர். நீதிக்கட்சியின் சட்டமன்றத் துணைத் தலைவராக இருந்தும், 1921ஆம் ஆண்டு ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் மக்கள் பட்ட துயரத்தை ஒட்டி எழுந்த வேறுபாட்டால், பின்னர் அக்கட்சியை விட்டு வெளியேறியவர்.

1938இல் அவர் இரு மசோதாக்களைக் கொணர்ந்தார். ஒன்று, பொதுக் கிணறு, சாலை, ஊர்தி போன்றவற்றில் தாழ்த்தப்பட்டோரைத் தடுப்பதை நீக்கும் மசோதா. ஆளுங்கட்சி அதனை ஆதரித்தது, அது சட்டமாயிற்று. மற்றொன்று, கோயில் நுழைவு மசோதா. அதைத் திரும்பப் பெறுமாறு முதன்மை அமைச்சர் கேட்டார். ராஜா இசையவில்லை. வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. கொணர்ந்தவரும் ஒருவரே, அவையும் ஒன்றே, நம் வகுப்பு உறுப்பினர்களும் அதே முப்பது பேரே. ஒன்று வென்று, மற்றொன்று வீழ்ந்ததற்கு வேறுபாடு ஆளுங்கட்சியின் முடிவிலேயே இருந்தது. நம்முள் எத்தனை பேர் அங்கே அமர்ந்திருந்தனர் என்பதால் எதுவும் மாறவில்லை. அடுத்த ஆண்டு, 8-7-1939 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் நம் மக்களை அழைத்துச் சென்ற பின்னரே, அதே அரசு கோயில் நுழைவுக்குச் சட்டம் செய்தது. கட்சி மனம் மாறியபின் சட்டம் விரைவில் வந்தது.

இந்த அனுபவங்களை எல்லாம் கண்ட அண்ணல் அம்பேத்கர், காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன என்று ஆராய்ந்து 1945இல் வெளியிட்ட நூலில், கட்சிச் சீட்டில் வென்ற நம் உறுப்பினர்கள் வினாவும் எழுப்ப முடியாமல், தீர்மானமும் கொணர முடியாமல், விரும்பியவாறு வாக்களிக்கவும் முடியாமல் வாயடைக்கப்பட்டிருந்த நிலையைக் கடுமையான சொற்களால் எடுத்துரைத்தார். அப்போது பத்தாம் அட்டவணை கிடையாது. சட்டம் வருமுன்பே கயிறு இருந்தது. அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சமே அந்தக் கயிறு.

இதற்கு எதிர்ப்புறமாக இன்னொரு காட்சியையும் காண்போம். நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அவருக்குப் பின்னால் பெரிய கட்சி இல்லை, பெரும்பான்மை இல்லை. ஆயினும் 22-8-1924 அன்று, பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்கள், பொது இடங்கள் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தத் தடையில்லை என்ற தீர்மானத்தைக் கொணர்ந்து நிறைவேறச் செய்தார். அது அவ்வாண்டே அரசாணையாக வெளிவந்தது. ஒரேயொருவர், எண்ணிக்கையின் துணையின்றி, சொல்லின் வலிமையால் அவையைத் தம் பக்கம் திருப்பினார். வாக்கு ஒன்றுதான் உறுப்பினரின் கருவி என்று நினைப்போருக்கு இது தக்க விடை.

சின்னமும் சொந்தக் குரலும்

ஒரு கட்சியின் சின்னத்தில் வென்றவர், சட்டத்தின் பார்வையில் அந்தக் கட்சியின் உறுப்பினரே. கூட்டணியில் இடம்பெறும் சிறிய கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கும்போது, தம் குரலையும் அச்சின்னத்தோடு ஒப்படைத்துவிடுகின்றன. 2001ஆம் ஆண்டில் தொல். திருமாவளவன் மங்களூர்த் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2004இல் அப்பதவியைத் துறந்தார். 2006இல் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி இரு இடங்களை வென்றது. 2021இல் அது பானைச் சின்னத்தில் நின்று நான்கு இடங்களை வென்றது. அந்நான்கினுள் காட்டுமன்னார்கோயிலும் செய்யூரும் தனித் தொகுதிகள். நாகப்பட்டினமும் நம் திருப்போரூரும் பொதுத் தொகுதிகள். 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்கு முன் தனித் தொகுதியாக இருந்த திருப்போரூர், பொதுத் தொகுதியான பின்னும் இவ்வாறு வாக்களித்தது வரலாற்றில் குறித்து வைக்கத்தக்கது.

எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்க நான் இதனைச் சொல்லவில்லை. உங்களுள் பல கட்சியினரும் உண்டு; இருக்கவும் வேண்டும். எந்தக் கட்சியில் இருந்தாலும், "என் சின்னம் யாருடையது? அவையில் என் கையைத் தூக்கச் சொல்பவர் யார்?" என்ற கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

கட்டுப்பாடு தீமையா?

இளைஞர்கள் சிலர், "அப்படியானால் இச்சட்டத்தை ஒழித்துவிட்டால் என்ன?" என்று கேட்பார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. கட்டவிழ்ந்த உறுப்பினர் மனச்சாட்சிக்கு மட்டுமே கட்டுப்படுவார் என்று யார் உறுதி கூற முடியும்? பணமூட்டைக்கும் கட்டுப்படலாம். நாம் ஒரு கொள்கையைப் பார்த்து வாக்களிக்க, அவர் மறுநாளே வேறு அணியில் நின்றால், ஏமாற்றம் நமக்குத்தானே? தனித் தொகுதி உறுப்பினருள் பலர் எளிய குடும்பத்தினர். மிரட்டலுக்கும் ஆசைகாட்டலுக்கும் அவர்கள் முதலில் இலக்காவர். அவர்களுக்குச் சட்டம் ஒருவகையில் கவசமும் ஆகிறது.

இன்னொன்றும் உண்டு. கட்சிக் கட்டுப்பாட்டினால் நமக்குப் பயன் விளைந்ததும் உண்மை. 2009ஆம் ஆண்டில் பட்டியல் வகுப்பினருக்குரிய 18 விழுக்காட்டினுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு வழங்கும் சட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டில், ஆதிதிராவிடர், பழங்குடியினரின் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வகை செய்யும் சட்டம் வந்தது. கட்சிகள் முடிவெடுத்தன, உறுப்பினர்கள் ஒருசேர நின்றனர். ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊர் மேல்தட்டாரின் முகம் பார்த்து வாக்களித்திருந்தால், இத்தகைய சட்டங்கள் எளிதில் நிறைவேறியிருக்குமா என்பதை எண்ணிப்பாருங்கள்.

ஆகவே, கட்சியோடு நிற்பது குற்றமன்று. கட்சி முடிவெடுக்கும்முன் வாய் திறவாதிருப்பதே குற்றம். அறையினுள் ஊமையாயிருந்து, அவையில் கைதூக்கி, ஊருக்கு வந்து "நான் என்ன செய்வது, கட்சி முடிவு" என்று சொல்வாரே, அவரிடந்தான் நாம் கணக்குக் கேட்கவேண்டும்.

கயிறு எட்டாத இடங்கள்

பத்தாம் அட்டவணையின் கொறடா விதி கட்டுவது வாக்கை மட்டுமே. நாவை அது கட்டவில்லை. உறுப்பினர் அவையில் வினா எழுப்பலாம். "செங்கற்பட்டு மாவட்டத்தில் இன்ன வட்டத்தில் பஞ்சமி நிலம் எவ்வளவு? அதில் இன்று நம் மக்கள் கையில் உள்ளது எவ்வளவு?" என்று கேட்டால் அமைச்சர் விடையிறுத்தாக வேண்டும். இந்த வினாவுக்கு நம் மாவட்டத்தில் தனி உரிமை உண்டு. இம்மாவட்டத்து ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் நம் மக்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையை ஒட்டியே 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்நிலத்தை மீட்கக் கோரியெழுந்த காரணைப் போராட்டத்தில் 1994ஆம் ஆண்டு துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்ததும் இம்மாவட்டத்தில்தான். கடற்கரைச் சாலை நெடுக நிலத்தின் விலை ஏறிநிற்கும் இக்காலத்தில், இதனைக் கேட்க எந்தக் கொறடா தடுப்பார்?

கவன ஈர்ப்புத் தீர்மானம் கொணரலாம். ஆதிதிராவிடர் நலத்துறை மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் கொடுத்து, விடுதிகளின் நிலையையும் கல்வி உதவித்தொகை காலந்தாழ்வதையும் பேசலாம். பேரவைக் குழுக்களில் அமர்ந்து கணக்குகளைக் கிளறலாம். தனி உறுப்பினர் மசோதா கொடுக்கலாம். தோற்றாலும் அது ஏட்டில் நிற்கும்; எம். சி. ராஜாவின் மசோதா தோற்றும் இன்றளவும் பேசப்படவில்லையா? எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டமன்றக் கட்சிக் கூட்டத்தில், கதவடைத்த அறையினுள், எவரும் பதவியைப் பறிக்க முடியாத இடத்தில், தம் மக்களுக்காக வாதாடலாம். அங்கே நாற்பத்து நான்கு பேரில் ஒரு கட்சிக்கு இருபது பேர் இருந்து, அவர்கள் ஒரே குரலாய்ப் பேசினால் தலைமை செவி சாய்க்காமல் இராது.

இளைஞர்கள் செய்யத்தக்கது

வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்துக்கு மூன்று பணிகளை முன்வைக்க விரும்புகிறேன்.

முதலாவது, ஒரு பதிவேடு தொடங்குங்கள். நம் தொகுதி உறுப்பினரும், அண்டையிலுள்ள செய்யூர், மதுராந்தகம், திருப்பெரும்புதூர் ஆகிய தனித் தொகுதி உறுப்பினர்களும் ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுப்பிய வினாக்கள், பேசிய பேச்சுகள், வராத நாட்கள் ஆகியவற்றை அதில் குறித்து வாருங்கள். பேரவை நடவடிக்கைகள் அச்சிடப்படுகின்றன. கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழியாகக் கேட்டுப் பெறலாம். வாக்குக் கணக்கு நமக்குக் கிடைக்காது. வாய்க் கணக்கு கிடைக்கும். ஐந்தாண்டு முடிவில் அந்தப் பதிவேட்டை ஊர்ப் பொதுவில் படியுங்கள். புகழவேண்டியவரைப் புகழுங்கள், அதனையும் மறவாதீர்கள்.

இரண்டாவது, உறுப்பினரைக் கூட்டத்தொடருக்கு முன் சந்தியுங்கள். பின் சந்தித்துப் பயனில்லை. மாலையும் சால்வையும் கொண்டு செல்லும் வழக்கத்தை விட்டு, எழுதிய வினாக்களைக் கொண்டு செல்லுங்கள். அவருக்கு உதவியாளர் போதாமல் இருக்கலாம். படித்த நம் பிள்ளைகள் புள்ளிவிவரம் திரட்டிக் கொடுத்தால், நல்ல உறுப்பினர் அதனை மகிழ்ந்து ஏற்பார். ஏற்காதவர் யார் என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கிராம சபையைக் கைவிடாதீர்கள். தமிழகத்தில் சிற்றூராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னமின்றியே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கிராம சபையிலோ பதினெட்டு வயது நிறைந்த வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினரே. அங்கே கொறடா இல்லை, கட்டளை இல்லை, பதவி பறிபோகும் அச்சமில்லை. சட்டமன்றத்தில் நம் உறுப்பினருக்கு இல்லாத உரிமை, கிராம சபையில் நம் வீட்டுப் பெண்ணுக்கு உண்டு. ஆனால், அங்கே எழுந்து பேசத் தயங்குவோர் எத்தனை பேர்? தெருவில் பெரிய மனிதர் என்ன நினைப்பாரோ என்று கை தூக்காதிருப்போர் எத்தனை பேர்? எழுதாத கொறடாக் கட்டளை நம் தெருக்களிலும் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. கட்டுப்பாடற்ற இடத்திலேயே பேசாத சமுதாயம், கட்டுப்பட்ட உறுப்பினரைப் பார்த்து "ஏன் பேசவில்லை?" என்று கேட்பதற்கு வலிமை பெறாது.

பெரியோர்களே, இளைஞர்களே! உறுப்பினரின் வாக்கு யாருடையது என்பது தலைப்பு. இன்றைய சட்டப்படி அது பெரும்பாலும் கட்சியினுடையது. அவருடைய வினாவும் சொல்லும் உழைப்பும் நம்முடையவை. அவற்றைக் கேட்டுப் பெறும் கடமையும் நம்முடையது. ஆதிதிராவிடர் என்ற பெயரை அரசு ஏட்டில் ஏற்றியதும், பொதுச் சாலையை நமக்குத் திறந்ததும் இந்த மண்ணின் மைந்தர் இருவர் அவையில் எழுந்து நின்று பேசிய பேச்சுகள்தாம். அவர்கள் வழிவந்த நீங்கள், படித்ததைக் கொண்டு கேட்கவும், கேட்டதைக் குறித்து வைக்கவும் பழகுங்கள். வரும் கிராம சபைக் கூட்டத்திலிருந்தே அதனைத் தொடங்குங்கள்.